குழித்துறை தாண்டினால் என்ன மொழி? வட்டார வழக்கு பற்றி ஓர் எளிய அறிமுகம்

நாகர்கோவில் சந்திப்பிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் காலையில் புறப்படும் பயணிகள் ரயிலில் ஏறி, இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஏறத்தாழ 70 கிலோமீட்டர் போகிற ஒருவர், வழி நெடுகக் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருந்தால் ஒரு புதிரைச் சந்திப்பார். ஏறியபோது பெட்டிக்குள் கேட்டது தமிழ். இறங்கும்போது கேட்பது மலையாளம். எந்த நிலையத்தில் தமிழ் இறங்கியது, எந்த நிலையத்தில் மலையாளம் ஏறியது என்று அவரைக் கேட்டால் அவரால் சொல்ல முடியாது. தண்டவாளத்துக்கு அருகில் மாநில எல்லையைக் காட்டும் பலகை ஓரிடத்தில் நிற்கிறது. பேச்சுக்கு அப்படி ஒரு பலகை இல்லை. இந்தப் புதிரை அவிழ்க்க உதவும் கருத்துதான் வட்டார வழக்கு. மொழியியலைப் புதிதாக அறிய விரும்புகிறவர்களுக்கு, எல்லையோரத்துப் பயணிகளின் பேச்சையும் பழமொழிகளையும் கட்டுச்சோற்றையும் வைத்து அதை விளக்க முயல்கிறேன். நான் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வளர்ந்தவன். இந்தப் பாதையில் பல ஆண்டுகள் போய்வந்தவன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். பாடப்புத்தகத்தில் உள்ள தமிழே உண்மையான தமிழ் என்றும், ஊர்களில் பேசப்படுவது அதன் சிதைந்த வடிவம் என்றும் நம்மில் பலர் நினைக்கிறோம். ‘கொச்சை’ என்ற சொல் அந்த எண்ணத்திலிருந்து பிறந்தது. ஆனால் எழுத்துத் தமிழைத் தாய்மடியில் கற்றவர் எவரும் இல்லை. ஒவ்வொருவரும் முதலில் கற்பது ஏதோ ஓர் ஊரின் பேச்சைத்தான். எழுத்துத் தமிழைப் பள்ளிக்கூடத்தில்தான் கற்கிறோம். ஒரு மொழி பேசப்படும் பரப்பில், ஒவ்வொரு பகுதிக்கும் உரிய ஒலிப்பு, சொற்கள், இலக்கண அமைப்பு ஆகியவை சேர்ந்த முழுமையான பேச்சு வடிவத்தையே வட்டார வழக்கு என்கிறோம். அதற்குத் தனக்கே உரிய ஒழுங்கு உண்டு. சென்னையில் பிறந்த ஒருவர் நாகர்கோவில் தமிழைப் பேசிக் காட்ட முயன்றால் நாகர்கோவில்காரர் உடனே பிழையைக் கண்டுபிடித்துவிடுவார். பிழை என்று ஒன்று இருக்கிறதென்றால், அங்கே விதி இருக்கிறது என்றுதான் பொருள்.

இந்த வேறுபாடு மூன்று அடுக்குகளில் அமைகிறது. மேலடுக்கு ஒலிப்பு. ‘வாழைப்பழம்’ என்ற சொல்லைத் தென்மாவட்டங்களில் பலர் ‘வாளப்பளம்’ என்றும், வட தமிழகத்தில் சிலர் ‘வாயப்பயம்’ என்றும் சொல்வார்கள். ஒருவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் நாம் ஊகிப்பது பெரும்பாலும் இந்த அடுக்கை வைத்தே. அடுத்தது சொல். துடைக்கும் துணியைப் பெரும்பாலான தமிழர்கள் துண்டு என்பார்கள். குமரி மேற்கில் அது துவர்த்து. மூன்றாவது அடுக்கான இலக்கணம் ஆழத்தில் இருப்பதால் எளிதில் கண்ணில் படாது, எளிதில் மாறவும் செய்யாது. ‘என்னுடைய வீடு’ என்பதைப் பொதுப் பேச்சில் ‘என்னோட வீடு’ என்கிறோம். குமரியில் ‘எனக்க வீடு’ என்பார்கள். ‘ஒனக்க’, ‘அவனுக்க’, ‘அம்மைக்க’ என்று இந்த உருபு எல்லாப் பெயர்களோடும் சேரும். ‘எனக்கு’ என்பதைத்தான் தவறாகச் சொல்கிறார்கள் என்று வெளியூர்க்காரர் நினைப்பதுண்டு. அது தவறன்று, அந்த வட்டாரத்தின் ஆறாம் வேற்றுமை அப்படி அமைந்திருக்கிறது.

இலக்கண அடுக்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரே ஒரு கேள்வி போதும். மரியாதைக்குரிய ஒருவரிடம் ‘வந்தீர்களா?’ என்று எப்படிக் கேட்பீர்கள்? சென்னையிலும் கோவையிலும் ‘வந்தீங்களா’. மதுரைப் பக்கம் ‘வந்தீகளா’. நெல்லைக்கும் குமரிக்கும் வந்தால் ‘வந்தியளா’. பாறசாலை தாண்டியதும் ‘வந்நோ’. கடைசி வடிவத்தில் ‘ஈர்கள்’ என்ற விகுதியே மறைந்துவிட்டதைக் கவனியுங்கள். வந்தேன், வந்தான், வந்தார்கள் என்று ஆளுக்கு ஆள் மாறும் வினை விகுதிகளை மலையாளம் இழந்துவிட்டது. ஞான் வந்நு, அவன் வந்நு, அவர் வந்நு என்று எல்லாருக்கும் ஒரே வடிவம்தான். கேள்வி விகுதியும் ‘ஆ’ என்பதிலிருந்து ‘ஓ’ என்று மாறியிருக்கிறது. பாலக்காட்டுத் தமிழர்கள் சிலர் தமிழிலேயே ‘சாப்ட்டாச்சோ?’ என்று கேட்பதற்கு இந்த ‘ஓ’தான் காரணம்.

பேச்சு ஊருக்கு ஊர் மாறும் என்பது நம் முன்னோருக்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரிக்கிறது. அவற்றுள் திசைச்சொல் என்பது செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நாடுகளிலும் அந்தந்த நாட்டார் தம் குறிப்பில் வழங்கும் சொல் என்று விளக்குகிறது. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டிய எடுத்துக்காட்டுகள் இந்த எல்லைப் பகுதியைச் சேர்ந்தவர்களுக்குத் தனி மகிழ்ச்சி தருபவை. குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்பர் என்றும், குடநாட்டார் தந்தையை ‘அச்சன்’ என்பர் என்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். குட்டநாடு இன்றும் அதே பெயரோடு கேரளத்தில் இருக்கிறது. அச்சன் இன்றும் மலையாளிகளின் வீட்டுச் சொல். தள்ளைக்கோழி என்றால் தாய்க்கோழி. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் உரையாசிரியர் கேட்டெழுதிய சொல்லை இன்று ரயில் பெட்டியில் எதிர் இருக்கைக்காரர் தம் கைப்பேசியில் ‘அச்சன் எவிடெ?’ என்று பயன்படுத்துவதைக் கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பகுப்பில் திசைச்சொல்லுக்கு இழிவு எதுவும் கற்பிக்கப்படவில்லை. செய்யுள் செய்வதற்கு உரிய நான்கு வகைச் சொற்களுள் ஒன்றாகவே அது வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு கிழங்கும் பல கோடுகளும்

இப்போது இரண்டாவது கருத்துக்கு வருவோம். ஒரு பொருளுக்கு இந்தப் பக்கம் ஒரு சொல்லும் அந்தப் பக்கம் வேறொரு சொல்லும் வழங்கினால், இரண்டு சொற்களும் சந்திக்கும் ஊர்களை இணைத்து நிலப்படத்தில் ஒரு கோடு வரையலாம். இதைச் சொல்லெல்லைக் கோடு என்று வைத்துக்கொள்வோம். ஆறோ மலையோ போலக் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஊர் ஊராகக் கேட்டு எழுதினால் அந்தக் கோடு தானாக உருவாகிவிடும்.

எடுத்துக்காட்டாக, மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த பயிர் இது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி வருவது நின்றுபோக, திருவிதாங்கூரின் ஏழை வீடுகளில் அடுப்பில் ஏறியது இந்தக் கிழங்குதான். குமரி மாவட்டமும் அன்று திருவிதாங்கூரில் இருந்தது என்பதால், கிழங்கும் மீன்கறியும் எங்கள் பாட்டிகளின் நினைவில் பசியோடு கலந்த உணவு. சேலம், நாமக்கல் பக்கத்தில் இதைக் குச்சிக்கிழங்கு என்கிறார்கள். வேறு பல ஊர்களில் மரவள்ளி, கப்பக்கிழங்கு. குமரியில் மரச்சீனி. எல்லை தாண்டித் திருவனந்தபுரம் பக்கம் போனால் அங்கேயும் மரச்சீனிதான். அதற்கும் வடக்கே மத்திய கேரளத்தில் கப்ப. பாலக்காடு, திருச்சூர் பக்கம் கொள்ளி. மலபாரில் பூள.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது, மரச்சீனி என்ற சொல்லின் எல்லைக்கோடு களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் நிற்கவில்லை என்பதுதான். அது மாநில எல்லையைக் கண்டுகொள்ளாமல் மலையாளம் பேசும் ஊர்களுக்குள் நுழைந்து வெகுதூரம் போகிறது. மீன் பெயர்களிலும் இதையே காணலாம். குமரிக் கடற்கரையில் சாளை என்று அழைக்கப்படும் மீன் தென் கேரளத்திலும் சாளதான். வட கேரளத்துக்குப் போனால்தான் அது மத்தி ஆகிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அதே நாளில் மலபார் மாவட்டத்தோடு பாலக்காடு கேரளத்துக்குப் போனது. ஆட்சி எல்லை ஒரே நாளில் மாறியது. சொற்களுக்கு அப்படி ஒரு நாள் விடியவில்லை.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனிக் கோடு உண்டு. துவர்த்தின் கோடு ஓரிடத்தில் இருக்கும். ‘எனக்க’ என்பதன் கோடு வேறிடத்தில் இருக்கும். ‘வந்நோ’ என்பதன் கோடு மற்றோரிடத்தில். அவை ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் சில கிலோமீட்டர் இடைவெளியில் விலகி விலகிக் கிடக்கின்றன. ஆகவே பயணம் செய்கிறவர் ஒவ்வொரு நிலையத்திலும் ஒன்றிரண்டு கோடுகளை மட்டுமே கடக்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் எப்போதும் புரிந்துகொள்கிறார்கள். இரு முனைகளில் இருப்பவர்கள் மட்டும் புரியாமல் விழிக்கிறார்கள். இப்படிப்பட்ட தொடர்ச்சியை வழக்குத் தொடர் எனலாம். முதலில் சொன்ன ரயில் புதிருக்கு விடை இதுதான்: மொழி ஓரிடத்தில் முடிந்து மற்றொன்று தொடங்கவில்லை, சொல் சொல்லாக மாறிக்கொண்டே போகிறது.

தமிழும் மலையாளமும் ஒரே வேரிலிருந்து இடைக்காலத்தில் படிப்படியாகப் பிரிந்தவை. பிரிந்த விதத்தில் ஒரு பகுதியை நம் காதாலேயே கண்டுபிடிக்கலாம். மாங்காய் ‘மாங்ங’ ஆகிறது. கஞ்சி ‘கஞ்ஞி’ ஆகிறது. வந்து ‘வந்நு’ ஆகிறது. மூன்றிலும் நடந்தது ஒன்றே: மெல்லின எழுத்து, தன்னை அடுத்து வந்த வல்லினத்தைத் தன்னைப் போலவே ஆக்கிக்கொண்டது. மலையாளிகள் மூக்கால் பேசுகிறார்கள் என்று தமிழ்நாட்டில் சிலர் சொல்வதற்கு இதுவே காரணம். ஆனால் நாமும் ‘ஒன்று’ என்பதை ‘ஒண்ணு’ என்றும் ‘கன்று’ என்பதைக் ‘கண்ணு’ என்றும் சொல்கிறோம் அல்லவா? அங்கேயும் மெல்லினம் வல்லினத்தை விழுங்கியிருக்கிறது. நாம் ஓரிடத்தில் செய்ததை அவர்கள் நான்கு இடங்களில் செய்தார்கள். இதை உணர்ந்த பிறகு மலையாளத்தைக் கேட்பது எனக்கு எளிதாகிவிட்டது; ‘ங்ங’ வந்த இடத்தில் ‘ங்க’ என்று மனத்துக்குள் மாற்றிக்கொண்டால் பாதிச் சொற்கள் தமிழாகிவிடும்.

பயணத்தில் பேச்சு வளைவது

வழக்கு என்பது ஆளின்மேல் குத்திய முத்திரை போல மாறாமல் இருப்பதன்று. ஒரே ஆள் யாரிடம் பேசுகிறார் என்பதைப் பொறுத்து அவருடைய பேச்சு வளைந்துகொடுக்கும். ஒருமுறை என் எதிரில் அமர்ந்திருந்த ஓர் இளம்பெண், பக்கத்தில் இருந்த சென்னைக் குடும்பத்திடம் தொலைக்காட்சிச் செய்தியில் கேட்பது போன்ற பொதுத் தமிழில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். கைப்பேசி ஒலித்தது. எடுத்தவுடன், ‘எம்மா, வண்டி எரணியல் தாண்டிட்டு. எனக்க பைய அண்ணன்ட்ட குடுத்தியளா?’ என்றார். அந்தக் குடும்பத்துப் பெரியவர் வியப்போடு, ‘நீங்க எந்த ஊரும்மா?’ என்று கேட்டார். அரை மணி நேரம் பேசியும் தெரியாத ஊர் ஒரே வாக்கியத்தில் வெளிப்பட்டுவிட்டது. அந்தப் பெண் இரண்டு தமிழையும் சரியாகவே பேசினார். கேட்பவருக்கு இணக்கமாகப் பேச்சை மாற்றிக்கொள்வது மனிதரின் இயல்பு. பயணத்தில் அது கூடுதலாக நிகழ்கிறது. சபரிமலைக் காலத்தில் எருமேலிக் கடைக்காரர்கள் தமிழிலும், தமிழ்நாட்டு ஐயப்ப பக்தர்கள் அரை மலையாளத்திலும் பேசி நடுவழியில் சந்திப்பதும் இந்த இணக்கத்தின் வகைதான்.

ஆனால் இந்த வளைவு வெட்கத்தால் வருமானால் அது எனக்கு வருத்தம் தருகிறது. வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில், ‘தண்ணி’ என்று சொல்லாமல் ‘வெள்ளம்’ என்று கேட்டதற்காக விடுதி முழுவதும் சிரித்தது. அதன் பிறகு ஓராண்டு காலம் நான் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். வெள்ளம் என்ற சொல் அங்கே பெருக்கெடுத்த நீரைக் குறித்தது. எங்கள் ஊரிலும் கேரளத்திலும் குவளையில் இருக்கும் நீரையும் குறித்தது. பொருளின் பரப்பு வேறுபட்டது, அவ்வளவுதான்.

இப்படி ஒரே வடிவமும் வேறு பொருளும் கொண்ட சொற்கள் எல்லையோரத்தில் ஏராளம். அவை புதிதாகப் பயணம் செய்கிறவரைத் தடுமாற வைக்கும் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். பாலக்காட்டுக்காரர் சந்தையில் ‘கொள்ளி வாங்கணும்’ என்றால் கிழங்கு வாங்கப் போகிறார். தமிழ்க் காதுக்கு அது சுடுகாட்டை நினைவூட்டும். மலையாளத்தில் ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு; ‘பட்டி’ என்றால் நாய். அந்தக் கடைசிச் சொல்லால், கோவில்பட்டிக்காரர் ஊர்ப்பெயர் சொல்லும் ஒவ்வொரு முறையும் கேரள நண்பர்களின் முகம் மாறும். கேரள உணவகத்தில் ‘சம்மந்தி’ கேட்டால் சட்னி வரும், உறவினர் வரமாட்டார். கேரளத்தில் ‘சர்க்கர’ என்றால் வெல்லம். நாம் சீனி அல்லது சர்க்கரை என்பது அங்கே பஞ்சசார. இதில் வியப்பு என்னவென்றால், நம்முடைய சர்க்கரைப் பொங்கல் வெல்லத்தில்தான் செய்யப்படுகிறது. சர்க்கரை என்பதற்கு வெல்லம் என்ற பொருள் நம்மிடமும் இருந்ததற்கு அந்தப் பானையே சாட்சி. எதிர்த்திசையிலும் இதுபோல் நடந்திருக்கிறது. குமரியில் ஒருவரைக் கூப்பிடச் சொல்லும்போது ‘அவன விளி’ என்பார்கள். அது மலையாளக் கலப்பு என்று ஆசிரியர்கள் சிலர் திருத்துவதுண்டு. அதே ஆசிரியர்கள் அடுத்த வகுப்பில் எட்டாம் வேற்றுமையை விளி வேற்றுமை என்று நடத்துவார்கள்.

பாம்பு தின்கிற ஊரின் பழமொழி

பழமொழிகள் வட்டார வழக்கின் உறைந்த வடிவங்கள். பேச்சில் மறைந்துபோன சொல்கூடப் பழமொழிக்குள் பத்திரமாக இருக்கும்; யாரும் அதைத் திருத்துவதில்லை. பயணிகளுக்கென்றே அமைந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு என்று இருக்க வேண்டும்.’ போன இடத்தின் வழக்கத்தோடு தயக்கமின்றி ஒன்றிவிட வேண்டும் என்பது இதன் கருத்து. இதையே மலையாளத்தில், ‘சேரயெத் தின்னுந்ந நாட்டில் சென்னால் நடுக்கஷணம் தின்னணம்’ என்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழில் பொதுவாகப் பாம்பு. மலையாளத்தில் குறிப்பாகச் சேர, அதாவது சாரைப் பாம்பு. தமிழுக்குள்ளேயே சிலர் நடுத்துண்டு என்றும், சிலர் நடுக்கண்டம் என்றும், சிலர் நடுமுறி என்றும் சொல்வார்கள். முறி என்பது தெற்கே இன்றும் வழங்கும் சொல். தேங்காய் மூடி என்று வடக்கே சொல்வதை நாங்கள் தேங்காமுறி என்போம், மலையாளத்திலும் அப்படியே. ஒரு பழமொழியின் ஒரு சொல்லைக் கேட்டு, சொல்பவர் எங்கிருந்து வருகிறார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கருத்து ஒன்றாக இருந்து படம் மாறுவதும் உண்டு. ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்று நாம் சொல்வதை மலையாளிகள் ‘அடி தெற்றியால் ஆனயும் வீழும்’ என்கிறார்கள். இங்கே படமும் ஒன்றே. ஆனால் பெரியவர் நொடித்தாலும் பெரியவரே என்பதை நாம் ‘யானை படுத்தாலும் குதிரை மட்டம்’ என்று சொல்ல, அவர்கள் ‘ஆன மெலிஞ்ஞால் தொழுத்தில் கெட்டுமோ?’ என்று கேட்கிறார்கள். யானை மெலிந்துவிட்டால் மாட்டுத் தொழுவத்தில் கட்டுவார்களா என்பது பொருள். யானையை வீட்டு வாசலிலும் கோயில் முற்றத்திலும் பார்த்து வளர்ந்த மக்களின் கேள்வி அது.

தடுமாற்றத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு. ‘காணம் விற்றும் ஓணம் உண்ணணம்’ என்பது கேரளத்தின் புகழ்பெற்ற பழமொழி. நெல்லையிலும் குமரியிலும் காணம் என்றால் கொள்ளு. காணத் துவையல் எங்கள் அடுக்களையில் வழக்கமானது. ஆகவே சிறுவயதில், கொள்ளை விற்று ஓணம் கொண்டாடச் சொல்கிறார்கள் என்றே நான் நினைத்தேன். அங்கே காணம் என்பது நில உரிமையைக் குறிக்கும் பழைய சொல். சொத்தை விற்றாவது திருவோண விருந்து உண்ண வேண்டும் என்பதே பழமொழி. கொள்ளுக்கு மலையாளத்தில் முதிர என்று பெயர்.

கட்டுச்சோற்றின் வழக்கு

உணவை மொழியியல் கட்டுரையில் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். ஊர்ச்சொல் கடைசிவரை உயிரோடு இருக்கும் இடம் அடுக்களை. அலுவலகச் சொல்லை அரசு மாற்றும். பள்ளிச் சொல்லைப் பாடநூல் மாற்றும். அம்மா வைக்கும் குழம்பின் பெயரை மாற்ற யாரும் வருவதில்லை. அதனால் ரயிலில் ஒருவர் பாத்திரத்தைத் திறக்கும்போது அவருடைய ஊரும் திறக்கிறது.

உணவுக்கும் எல்லைக்கோடுகள் உண்டு. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது எண்ணெய்க் கோடு. எண்ணெய் என்பது எள்ளும் நெய்யும் சேர்ந்த சொல். அதன் நேர்ப்பொருள் எள்ளின் நெய். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பழைய சமையல் நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நடந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நாகர்கோவில் பக்கம் இறங்கினால் தாளிதத்தின் மணமே மாறிவிடும். இங்கே தென்னை செழிப்பு, அடுப்பில் தேங்காயெண்ணெய். கேரளத்தில் அதற்கு வெளிச்செண்ண என்று பெயர். மழை மிகுந்த மேற்குச் சரிவில் தேங்காய் கறியின் அடிப்படையாகிறது. மழை குறைந்த கிழக்கே பருப்பும் கொள்ளும் கம்பும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. சொல்லெல்லைக் கோட்டை விட இந்தக் கோட்டுக்குக் காரணம் கண்ணெதிரே தெரிவதால், தொடக்க நிலையில் இருப்பவர்கள் இதிலிருந்து கற்கத் தொடங்கலாம்.

தேங்காய் மட்டும் எத்தனை வடிவம் எடுக்கிறது என்று பாருங்கள். குமரியில் தேங்காயைச் சிவக்க வறுத்து அரைத்துப் புளி சேர்த்து வைப்பது தீயல். தீய வறுப்பதால் அந்தப் பெயர். நெல்லையில் தேங்காய்ப் பாலில் வைப்பது சொதி. திருமணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்தாகப் பரிமாறுவதால் மாப்பிள்ளைச் சொதி என்றும் பெயர், கூடவே இஞ்சித் துவையல் இருக்கும். பாலக்காட்டுத் தமிழர் வீடுகளில் பருப்பும் காய்கறியும் அரைத்த தேங்காயும் சேர்த்து, புளி இல்லாமல் வைப்பது மொளகூட்டல். காய்கறியைத் தேங்காய்த் துருவலோடு நீர் வற்ற வதக்கினால் குமரியில் தொவரன், கேரளத்தில் தோரன். தமிழில் துவர்தல் என்றால் உலர்தல். குளித்த தலையைத் துவட்டுகிறோம், துவட்டும் துணியைத் துவர்த்து என்கிறோம். நீர் வற்றிய கறியும் நீர் துடைக்கும் துணியும் ஒரே சொல்லடியில் வந்து நிற்பதை முதன்முதலில் உணர்ந்த நாளில் நான் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ‘அதுக்கு என்ன, தண்ணி இருந்தா அது கூட்டுல்லா’ என்றார் அம்மா.

உணவோடு மனிதர்களும் எல்லை தாண்டியிருக்கிறார்கள். பாலக்காட்டுக்கு அருகே இராமசேரி என்ற சிற்றூரில் மண்பானையின் வாயில் கயிற்று வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து மாவை ஊற்றித் தட்டையான இட்லி அவிக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் முதலியார் குடும்பங்கள் அதைச் செய்துவருகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் இப்படி எத்தனையோ பேரை இரு திசையிலும் அனுப்பியிருக்கிறது. தெற்கே செங்கோட்டைக் கணவாய். அதன் வழியாகக் கொல்லத்துக்கு 1904இல் ரயில் ஓடத் தொடங்கியது. அகலப்பாதைப் பணிகள் முடிந்து 2018இல் அந்த வழி மீண்டும் திறந்தபோது, பாலருவி விரைவு வண்டியில் நெல்லைப் பேச்சும் பாலக்காட்டுப் பேச்சும் ஒரே பெட்டியில் உட்கார்ந்தன. குற்றாலத்துச் சாரலுக்கு வரும் கேரளத்துக் குடும்பங்கள் செங்கோட்டைக்கு அருகில் பிரானூரில் நிறுத்திப் பார்டர் பரோட்டா சாப்பிடாமல் திரும்புவது அரிது. அங்கே சால்னா என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு போகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து அந்தப் பக்கம் போகிறவர்கள் முந்திரிக்கொத்தும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழமும் கொண்டுபோகிறார்கள். கொங்கு நாட்டு நண்பர் வீட்டுக்குப் போனபோது ‘ஒறம்பர வந்திருக்காங்க’ என்று உள்ளே குரல் கேட்டது. உறவின்முறை என்ற பழஞ்சொல் விருந்தினர் என்ற பொருளில் அங்கே வாழ்கிறது. இலையில் அரிசிம்பருப்புச் சோறும் ஒப்புட்டும் வந்தன. ஒப்புட்டு எங்கள் பக்கத்தில் போளி. கல்யாணப் பந்தியில் அதன்மேல் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து உண்போம். அதைக் கேட்டு அந்த வீட்டார் திகைத்துப்போனார்கள்.

இவற்றையெல்லாம் நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஒரு சிறிய குறிப்பேடும், பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் விருப்பமும் போதும். ‘இதை உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?’ என்று நேரடியாகக் கேட்டால் பலர் எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். பாத்திரத்தில் இருப்பது எப்படிச் செய்தது என்று கேட்டால் சொற்கள் தாமாக வரும். தேங்காயின் பாதி, துடைப்பம், தாயின் தாய், மரவள்ளி, ‘வந்தீர்களா’ ஆகிய ஐந்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அவர் ஏறிய நிலையத்தின் பெயரை எழுதுங்கள். அவருடைய ஊரை மட்டுமன்றி, அவர் அம்மாவின் ஊரையும் கேளுங்கள். என் குறிப்பேட்டில் நெய்யாற்றின்கரையில் ஏறிய ஒரு பெரியவரைப் பற்றிய பதிவு இருக்கிறது. மலையாளத்திலேயே பேசிவந்த அவர், கிழங்குக்கு மரச்சீனி என்றும் பாதித் தேங்காய்க்கு முறி என்றும் சொன்னார். துடைப்பத்துக்கு மட்டும் சற்று யோசித்து, ‘வாரியல்’ என்று எங்கள் ஊர்ச் சொல்லைச் சொன்னார். அம்மா எந்த ஊர் என்று கேட்டேன். தக்கலை என்றார்.